பூட்டுக் கொல்லர் மகன் ஜார்ஜ் சைமன் ஓம்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றையும், நம் மக்களுக்காக உழைத்த பிற தலைவர்களின் வரலாற்றையும் எழுதுவதற்கு நம்மினும் வல்லார் இச்சங்கத்தில் பலர் உளர். ஆதலின், நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் மின்னியல் பாடத்தில் படித்துவிட்டுத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும் பெயர் ஒன்றை நாம் எடுத்துக்கொண்டோம். ஜார்ஜ் சைமன் ஓம் என்பதே அப்பெயர்.

நாம் கல்லூரியில் அறிவியல் பயிலவில்லை. கலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்று, வரலாறு கற்பிக்க வந்தோம். ஆயினும் பணியில் சேர்ந்த தொடக்க நாட்களில், அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு அறிவியலையும் நாமே நடத்த நேர்ந்தது. முதல் நாள் இரவு படித்து, மறுநாள் காலை கற்பித்தோம். ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிய அன்று, இந்த ஓம் என்பவர் யார் என்று ஒரு மாணவன் எழுந்து வினவினான். ஆண்டுகளையும் அரசர்களையும் மனப்பாடமாக ஒப்பிக்க வல்ல நாம், அவ்வினாவிற்கு விடை கூற மாட்டாது நின்றோம். அன்று பட்ட நாணத்தால் தேடிப் படித்தவற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் எர்லாங்கன் என்றொரு பல்கலைக்கழக நகரம் உண்டு. அந்நகரில் 1789ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் ஓம் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்ததும் அதே ஆண்டில்தான் என்பதை வரலாற்று ஆசிரியராகிய நாம் சுட்டாமல் செல்ல இயலவில்லை. அவர்தம் தந்தை யோகான் வொல்ஃப்காங் ஓம், பூட்டுக் கொல்லர். தாய் மரியா எலிசபெத், தையற்காரர் ஒருவரின் மகள். பிறந்த மக்கள் எழுவர். அவருள் பிழைத்து வளர்ந்தவர் மூவரே. ஓம் பத்து வயதுச் சிறுவராக இருந்தபோது தாயும் மறைந்தார்.

அத்தந்தையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். அவர் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தவரல்லர். பட்டறையில் இரும்பைக் காய்ச்சி, அடித்து, அராவிப் பூட்டும் திறவுகோலும் செய்து பிழைத்தவர். எனினும் தாமாகவே நூல்களைக் கற்றுக் கணிதம், இயற்பியல், வேதியியல், தத்துவம் ஆகிய துறைகளில் வியக்கத்தக்க அறிவு பெற்றிருந்தார். அவ்வறிவைத் தம் மைந்தர் ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் தாமே கற்பித்தார். பதினோராம் வயதில் ஜார்ஜ் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் அறிவியலுக்கு இடம் மிகக் குறைவு. பழைய நூல்களை மனப்பாடம் செய்வதே அங்கு நடந்தது. வீட்டில் தந்தை கற்பித்ததே உண்மைக் கல்வியாக அமைந்தது. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் ஒருமுறை இச்சிறுவரை நெடுநேரம் சோதித்துப் பார்த்தார். கணித மேதைகள் பலரைத் தந்த பெர்னூலிக் குடும்பத்தோடு இப்பூட்டுக் கொல்லரின் குடும்பத்தையும் ஒப்பவைத்துப் பாராட்டினார். இளையவர் மார்ட்டினும் பிற்காலத்தில் பெர்லினில் கணிதப் பேராசிரியரானார்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். ஏழைத் தொழிலாளியின் மகன் என்றதும் நம் நிலையோடு அவர் நிலையை ஒன்றெனக் கருதிவிடுதல் பிழையாகும். ஓமின் குடும்பத்தைக் கிணற்றில் நீர் மொள்ளக் கூடாது என்று தடுத்தவர் இலர். பள்ளியில் அவரைத் தனியே அமர்த்தியவரும் இலர். ஊரின் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவரைத் தம்மெதிரே இருத்தி வினா எழுப்பினார். நம் தாத்தாக்களுக்கு அந்த வாய்ப்பு ஏது? ஒப்புமை வேறிடத்தில் உள்ளது. கைத்தொழிலும் நூலறிவும் ஒரே வீட்டில் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன. அச்சேர்க்கையே பின்னர் ஓமின் ஆய்வுக்கு உயிராயிற்று. நம் வீடுகளில் கைத்திறனுக்கு என்றும் பஞ்சமில்லை.

1805ஆம் ஆண்டில் ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தவர் படித்தாரா என்றால் இல்லை! நடனமும், பனிச்சறுக்கும், மேசைக் கோற்பந்தும் அவரை ஈர்த்துக்கொண்டன. தாம் பெறாத வாய்ப்பை மகன் வீணாக்குவதைக் கண்ட தந்தை பெருஞ்சினம் கொண்டார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. 1806ஆம் ஆண்டில் ஓம் சுவிட்சர்லாந்து சென்று, ஒரு பள்ளியில் கணித ஆசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. பின்னர் நூஷாத்தெல் நகரில் வீட்டாசிரியராக இருந்தார். அக்காலத்தில் லாங்ஸ்டார்ஃபின் அறிவுரைப்படி ஆய்லர், லாப்லாஸ், லாக்ருவா ஆகியோரின் கணித நூல்களைத் துணையின்றித் தாமே கற்றார். தந்தை கற்ற வழியிலேயே மகனும் கற்றார் எனலாம். 1811ஆம் ஆண்டில் எர்லாங்கன் திரும்பி, அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, சோறு கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நிலையான ஊதியமின்றிச் சில பருவங்கள் கற்பித்துப் பார்த்தார். வறுமை தாளாது, 1813ஆம் ஆண்டில் பாம்பெர்க் நகரில் தரம் குறைந்த பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணியை ஏற்றார். 1816ஆம் ஆண்டில் அப்பள்ளி மூடப்பட, மாணவர் நெரிசல் மிகுந்த வேறொரு பள்ளிக்குத் துணையாக அனுப்பப்பட்டார். பணிமாறுதல் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்ற ஆசிரியர் எவர்க்கும் அவருடைய அந்நாளைய மனநிலை விளங்கும். இத்துயரின் நடுவே வடிவியல் நூல் ஒன்றை எழுதினார். அதனைப் பிரஷ்ய மன்னருக்கு அனுப்பிவைத்தார். அதன் பயனாக 1817ஆம் ஆண்டில் கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி வாய்த்தது. முன்னர் இயேசு சபையார் நடத்திய அப்பள்ளியில் நல்லதோர் இயற்பியல் ஆய்வுக்கூடம் இருந்தது. உலகை மாற்றிய விதி பிறந்தது அந்தப் பள்ளி ஆய்வுக்கூடத்தில்தான்.

1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகுவதைக் கண்டறிந்தார். அதுவரை மின்னோட்டத்தை அளக்க நல்ல வழி இருந்ததில்லை. ஊசியின் விலக்கம் மிகுந்தால் மின்னோட்டம் மிகுதி, குறைந்தால் குறைவு என்று அளக்கும் வழி அன்று திறந்தது. மாணவர்க்குப் பாடம் சொன்ன நேரம் போக எஞ்சிய நேரத்தில் ஓம் சோதனைகளைத் தொடங்கினார். கம்பியின் நீளம் கூடக் கூட மின்னோட்டம் எவ்வாறு குறைகிறது என்பதே அவர்தம் வினா.

1825ஆம் ஆண்டில் முதற் கட்டுரையை வெளியிட்டார். அதிற்கண்ட சூத்திரம் தவறானது. தவற்றுக்குக் காரணம் அவர் பயன்படுத்திய மின்கலம். அக்கால மின்கலங்கள் சுற்றை இணைத்தவுடன் வலுவாக இருந்து, சற்று நேரத்தில் தளர்ந்துவிடும். அளவுகோலே சுருங்கிக்கொண்டிருந்தால் துணியை எவ்வாறு அளப்பது? அறிவியல் இதழாசிரியராகிய பொக்கெண்டார்ஃப், மின்கலத்தை விடுத்து வெப்ப மின்னிரட்டையைக் கையாளுமாறு யோசனை கூறினார். இரு வேறு உலோகங்களை இணைத்து, இணைப்புகளுள் ஒன்றைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதைச் சீபெக் என்பார் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கண்டிருந்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாதிருக்கும் வரை அம்மின்னோட்டத்தைச் செலுத்தும் விசையும் மாறாது.

ஓம் பிஸ்மத் உலோகத்தையும் செம்பையும் இணைத்தார். ஓர் இணைப்பைக் கொதிநீரின் வெப்பத்திலும் மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். மெல்லிய உலோக இழையில் காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்னோட்டம் ஊசியைத் தள்ளும். அவர் இழையின் தலையை முறுக்கி ஊசியைப் பழைய இடத்திற்கே கொண்டுவருவார். எவ்வளவு முறுக்க நேர்ந்ததோ அதுவே மின்னோட்டத்தின் அளவு. இந்தக் கருவியைத் திருத்தமாக அமைப்பதற்குப் பூட்டின் உள்ளுறுப்புகளைப் பொருத்திப் பழகிய கை வேண்டும். அக்கை அவருக்குத் தந்தையின் பட்டறையில் வாய்த்தது.

ஒரே பருமனுடைய செம்புக் கம்பிகள் எட்டினை வெட்டிக்கொண்டார். நீளம் முறையே 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து அளந்தார். 1826ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு நாள் அவர் குறித்த அளவுகளுள் 2 அங்குலக் கம்பிக்கு 326¾, 34 அங்குலத்திற்கு 134½, 130 அங்குலத்திற்கு 48½ எனக் காண்கிறோம். இவற்றை உற்று நோக்கியவர் ஓர் ஒழுங்கைக் கண்டார். கம்பியின் நீளத்தோடு 20¼ஐக் கூட்டி, அத்தொகையால் 7285ஐ வகுத்தால் மின்னோட்டத்தின் அளவு வந்துவிடுகிறது! ஐயமுடையோர் ஒரு தாளை எடுத்து வகுத்துப் பார்க்கலாம். 2 அங்குலத்திற்கு ஏறத்தாழ 327, 34க்கு 134, 130க்கு 48½ என வரும். சோதனையும் கணக்கும் ஒத்துப்போவதைக் காணுங்கால், நம்மைப் போன்ற வரலாற்று ஆசிரியர்க்கும் உள்ளம் துள்ளுகிறது.

இந்த 20¼ என்னும் எண் யாது? கம்பி நீங்கலாகச் சுற்றின் பிற பகுதிகள் மின்னோட்டத்திற்குத் தரும் தடை, அந்தச் செம்புக் கம்பியில் 20¼ அங்குலம் தரும் தடைக்குச் சமம் என்பதே பொருள். மேல்வகுப்பு மாணவர் இன்று அகமின்தடை என்று படிப்பது இதுவே. 7285 என்பது மின்னோட்டத்தைச் செலுத்தும் விசையைக் குறிப்பது. வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்து மீண்டும் அளந்தபோது இவ்விசை எண் மட்டும் குறைந்தது, 20¼ மாறவில்லை. விசை வேறு, தடை வேறு என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

இளைஞர்கள் எளிதில் நினைவிற் கொள்ள வேறு வகையாகக் கூறுவோம். ஏரியில் நீர்மட்டம் உயர்ந்தால் மதகின் வழியே பாய்ச்சல் மிகும். வாய்க்கால் நெடியதாகவும் குறுகியதாகவும் இருந்தால் பாய்ச்சல் குறையும். மட்டத்தின் வேறுபாடு போன்றது மின்னழுத்த வேறுபாடு; அதனை வோல்ட்டால் அளக்கிறோம். பாய்ச்சல் போன்றது மின்னோட்டம்; அதனை ஆம்பியரால் அளக்கிறோம். வாய்க்காலின் இடுக்கம் போன்றது மின்தடை. அதற்கு அலகு ஓம். மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும்.

அவ்விரண்டையும் பெருக்கினாலோ மின்திறன் கிடைக்கும். அதன் அலகு வாட். திறன் பற்றிய இவ்விதியை ஓம் கூறவில்லை. மின்னோட்டம் பாயும் கம்பியில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப மிகும் என்பதை 1840ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஜூல் என்பார் நிறுவினார். ஓம் தடையை வரையறுத்துத் தந்திராவிடில் ஜூலின் கணக்கிற்கு அடிமனை இல்லை. வகுத்தால் தடை, பெருக்கினால் திறன் என்று நாம் வகுப்பில் சொல்லித்தருவது வழக்கம். 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கும் சலவைப்பெட்டியின் தடை 57½ ஓம்; திறன் 920 வாட். இரண்டே அளவுகளிலிருந்து இரண்டு உண்மைகள்.

ஒரு கண்ணியையும் எச்சரித்துவிடுகிறோம். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு விளக்கின் தடையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 882 ஓம் வரும். அதே விளக்கை அணைத்துக் கழற்றி, ஆறியபின் அளவியால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்கும் காட்டாது. கணக்கு பொய்யன்று, அளவியும் பழுதன்று. வெண்சூட்டில் இழையின் தடை பன்மடங்கு உயர்கிறது. வெப்பநிலை மாறாதிருக்கும்போது என்று பாடநூலில் ஓம் விதியோடு ஒட்டியுள்ள அச்சிறு தொடரை மாணவர் விட்டுவிடுகின்றனர். மதிப்பெண்ணும் அங்கேதான் போகிறது.

இக்கணக்கு நம் தெருவிற்குப் பயன்பட்ட கதையையும் சொல்லியாக வேண்டும். குண்டு விளக்குகள் வீடுகளில் எரிந்த காலம் அது. நம் குடியிருப்பின் கடைசித் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் விளக்குகள் மங்கி, சிமினி விளக்குப் போல் எரியும். பிள்ளைகள் படிக்க இயலாது. விளக்கு மங்குகிறது என்று உரிய அலுவலகத்திற்கு மனு மேல் மனு எழுதினோம், விடை இல்லை. அப்போது ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பயிற்சி முடித்து உரிமம் பெற்றிருந்த நம் தெரு இளைஞர் ஒருவர் அளவியுடன் வந்தார். மின்சாரத்தைத் தொடும் வேலையை அவரே செய்தார். மாலை வகுப்பு மாணவர்கள் எட்ட நின்று குறித்துக்கொண்டனர். முதல் வீட்டில் 228 வோல்ட். கடைசி வீட்டில் 188. தெருக்கம்பியில் பாய்ந்தது 20 ஆம்பியர்.

எஞ்சியதைப் பிள்ளைகள் கணக்கிட்டனர். இடையில் தொலைந்தது 40 வோல்ட். 40ஐ 20ஆல் வகுத்தால் போகும் கம்பி, வரும் கம்பி இரண்டுக்கும் சேர்த்துத் தடை 2 ஓம். 40ஐ 20ஆல் பெருக்கினால் கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாவது 800 வாட். 60 வாட் விளக்கின் தடை மாறாது எனக் கொண்டால், 188 வோல்ட்டில் அது பெறுவது ஏறத்தாழ 40 வாட். ஒளியோ அதனினும் வேகமாகக் குறையும். நீண்ட மெல்லிய கம்பியே குற்றவாளி! ஓம் தம் எட்டுக் கம்பிகளில் கண்டதை நம் பிள்ளைகள் தெருக்கம்பியில் கண்டனர். இந்த எண்களையெல்லாம் வரிசையாக எழுதி அடுத்த மனுவை அனுப்பினோம். இம்முறை அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். மனுவைக் கணக்கிட்டவர் யார் என்று கேட்டார்; ஒன்பதாம் வகுப்புச் சிறுமியைக் காட்டினோம். சில திங்களில் பருமனான கம்பி மாற்றப்பட்டது. பின்னர் அளந்தபோது இழப்பு 12 வோல்ட்டாகக் குறைந்திருந்தது.

ஓமின் கதைக்குத் திரும்புவோம். 1826ஆம் ஆண்டில் அரை ஊதியத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்று, பெர்லினில் தம்பி மார்ட்டினிடம் சென்று தங்கினார். வெப்பம் பொருள்களின் வழியே பரவுவதைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே எழுதிய கணித நூலைப் பின்பற்றி, மின்னோட்டத்திற்கும் அவ்வாறே ஒரு கணிதக் கொள்கை வகுத்தார். 1827ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. கால்வானிக் சுற்றினைக் கணித முறையில் ஆயும் அந்நூல் தமக்குப் பல்கலைக்கழகப் பதவியைப் பெற்றுத் தரும் என நம்பினார்.

நம்பிக்கை பொய்த்தது. இயற்பியலைக் கணிதத்தால் விளக்குவதை ஏலாத அறிஞர் பலர் அந்நாளில் ஜெர்மனியில் இருந்தனர். நூலைச் சிலர் கண்டும் காணாதிருந்தனர். இயற்பியலார் ஒருவர் கடுமையாகத் தாக்கி மதிப்புரை எழுதினார். ஓமும் எளிதில் புண்படும் இயல்பினர். 1828ஆம் ஆண்டில் கொலோன் பள்ளிப் பணியைத் துறந்தார். அடுத்த ஐந்தாண்டுகள் பெர்லினில் கிடைத்த இடங்களில் மணிக்கணக்கில் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார். கையிலிருந்த நிலையான பணியை விட்டது அறிவுடைமையா என்று நம்மைக் கேட்டால், இல்லை என்றே கூறுவோம். ஆயினும் பதினோராண்டு பள்ளியில் உழைத்து, அதன் நடுவே இத்தகைய கண்டுபிடிப்பைச் செய்தவரை எவரும் திரும்பிப் பாராத வேதனையை நாம் எடை போடுதல் எளிதன்று.

ஓமுக்கு நெடுநாள் முன்னரே இவ்விதியைக் கண்டவர் ஒருவர் இருந்தார் என்பது வியப்பான செய்தி. இங்கிலாந்தில் பெருஞ்செல்வக் குடியிற் பிறந்த காவெண்டிஷ், 1781ஆம் ஆண்டிலேயே இதனையொத்த முடிவிற்கு வந்திருந்தார். அளவுக் கருவி இல்லாமையால் தம் உடலையே கருவியாக்கி, மின்னதிர்ச்சியின் வலுவை ஒப்பிட்டு அறிந்தார்! ஆனால் அதை வெளியிடவில்லை. அவர் 1810ஆம் ஆண்டில் மறைந்தார். அக்குறிப்புகளை 1879ஆம் ஆண்டில் மேக்ஸ்வெல் பதிப்பித்தபோதுதான் உலகம் அறிந்தது. செல்வரின் பெட்டியில் அறிவு பூட்டிக் கிடந்தது. பூட்டுக் கொல்லரின் மகன் அதனை அறியாமலே, தாமே கண்டு அச்சிட்டு உலகிற்கு அளித்தார்.

மெல்ல மெல்ல நிலை மாறியது. ஜெர்மனியிலேயே ஃபெக்னர் என்பார் சோதனைகள் செய்து, ஓம் கூறியது மெய்யென 1831ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிரான்சில் பூயே என்பார் அதே விதியைத் தம் சோதனைகளிலும் கண்டார். 1833ஆம் ஆண்டில் நியூரம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் ஓம் பேராசிரியரானார். 1839ஆம் ஆண்டில் அதன் தலைவரானார். அப்பள்ளியின் வழிவந்த உயர்கல்வி நிறுவனம் இன்று ஓமின் பெயரையே தாங்கியுள்ளது. 1841ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் தன் உயரிய பரிசாகிய கோப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. மறு ஆண்டு அயல்நாட்டு உறுப்பினராகவும் ஏற்றது. தாய்நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள் அப்போதும் அசையவில்லை. ஒலியைக் காது எவ்வாறு பகுத்து உணர்கிறது என்பது பற்றியும் 1843ஆம் ஆண்டில் ஒரு கொள்கை வெளியிட்டார். அதனை ஈண்டு விரிக்க இடமில்லை.

1849ஆம் ஆண்டில் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். அங்கு 1852ஆம் ஆண்டில்தான் பல்கலைக்கழகத்தில் முழுமையான இயற்பியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. இளமை முதல் ஏங்கிய பதவி, அறுபத்து மூன்றாம் வயதில் வந்தது. ஈராண்டே அதில் இருந்தார். 1854ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் மியூனிக்கில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்நகரின் பழைய தெற்குக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்தபின் தந்தித் தொழில் பெருகியது. கடலடியில் நெடுந்தொலைவு கம்பி இடுவோர்க்குத் தடையை அளக்காமல் ஒரு நாளும் கழியாது. ஆளுக்கோர் அளவு வைத்திருந்த குழப்பத்தைத் தீர்க்க, 1881ஆம் ஆண்டில் பாரிசில் கூடிய மின்னியலார் மாநாடு மின்தடையின் அலகிற்கு ஓம் என்றும், மின்னழுத்தத்தின் அலகிற்கு வோல்ட் என்றும், மின்னோட்டத்தின் அலகிற்கு ஆம்பியர் என்றும் பெயர்களை ஏற்றது. வோல்ட்டா இத்தாலிய உயர்குடியினர். ஆம்பியர் பிரெஞ்சு வணிகச் செல்வரின் மகன். அவர்களோடு சரியாசனத்தில் பூட்டுக் கொல்லரின் மகன் அமர்ந்தார். திறனின் அலகிற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பெயர் தந்த ஜேம்ஸ் வாட்டும் கிளாஸ்கோ நகரில் கருவிகள் செய்து பிழைத்த கைவினைஞரே. ஓமின் பெயருக்கு முதலெழுத்தை எழுதினால் அது சுழியம் போல் தோன்றிக் குழப்பும் என்பதால், கிரேக்க எழுத்தாகிய ஒமேகாவை அடையாளமாகக் கொண்டனர். அளவியின் முகப்பில் குதிரை லாடம் போன்று காணப்படும் குறி அதுவே.

அன்று தெருக்கம்பியை அளந்த அளவி பழுதுபார்க்கப்பட்டு, இப்போது நம் சங்கத்தின் மாலை வகுப்பில் உள்ளது. எட்டுச் செம்புக் கம்பிகளும் உலர்மின்கலங்களும் வாங்கி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்குச் செய்முறை நடைபெறும். ஒன்பதாம் வகுப்பு முதல் ஐ.டி.ஐ. வரை பயிலும் பிள்ளைகள், கோடிட்ட குறிப்பேடு ஒன்றும் எழுதுகோலும் கொண்டுவந்தால் போதும்.